காக்கைக்குச் சாதம் வைக்கும் தொழில்

எங்கள் சொசைட்டியின் வாட்ஸாப் குழுவில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு பட்டியல் வரும். விடுமுறையில் குழந்தைகள் தாங்களே பணம் சம்பாதிக்கச் சில யோசனைகள். எலுமிச்சை ஜூஸ் கடை, வாழ்த்து அட்டை, மணி கோத்த வளையல், பூந்தொட்டிக்கு வண்ணம் அடித்தல். யாரோ எங்கோ எழுதியதை யாரோ அனுப்ப, மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் சந்தை கூடும். எலுமிச்சை, தாதர் மார்க்கெட்டிலிருந்து அம்மா வாங்கி வந்தது. சர்க்கரை அம்மாவுடையது. பிழிந்தது பாயி, வீட்டு வேலைக்கு வரும் பெண். வாங்கிக் குடிப்பது எதிர்வீட்டு அம்மா. பதிலுக்கு அவள் பிள்ளையின் வளையலை இந்த அம்மா வாங்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் எதையோ எண்ணி லாபம் என்பார்கள். நான் உரிமம் வழங்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். செலவை ஒருவர் தலையில் கட்டி, வரவை இன்னொருவர் பெயரில் காட்டும் நிறுவனங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றின் முதலாளிகளுக்கு மீசை இருந்தது. வேறு வித்தியாசம் இல்லை.

இந்தக் கட்டடத்தில் ஒரு குழந்தை மட்டும் உண்மையிலேயே தொழில் நடத்தியது. அந்தத் தொழில் எந்தப் பட்டியலிலும் கிடையாது. நான் அதற்கு அனுமதி கொடுத்த அதிகாரி, அதன் வாடிக்கையாளனும்கூட. மற்ற வீடுகளுக்கெல்லாம் சேவை சரியாக நடந்தது. என் மனைவிக்கு வைத்த சாதத்தை மட்டும் காகம் தொடவில்லை.

அந்தச் சிறுமிக்குப் பதினொரு வயது. மூன்றாம் மாடி. அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்காவில் எங்கள் பழைய மூன்று மாடிக் கட்டடத்தை இடித்து டவர் எழுப்பியபோது, புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள். நாங்கள் பழைய வாடகைக்காரர்கள். அந்தக் காலத்துச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் மேடை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பிடி சாதம் வைத்து 'கா கா' என்றால் போதும். டவரில் மேடை இல்லை. எல்லா ஜன்னலிலும் புறாவுக்குப் பயந்து வலை கட்டியாயிற்று. கபூதர் ஜாலி என்பார்கள். கட்டை விரல் நுழையாத கண்கள் கொண்ட அந்த வலைக்குள் நாங்கள் இருக்கிறோம். பறவைகள் வெளியே இருக்கின்றன. மொட்டை மாடிக்கு லிஃப்ட் நிற்கும் இடத்திலிருந்து ஒரு செங்குத்துப் படிக்கட்டு ஏற வேண்டும். அதன் கதவு பூட்டியிருக்கும். சாவி சொசைட்டி செக்ரட்டரியிடம். செக்ரட்டரி நான். பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை போகாமல் இருந்துவிட்டேன், ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஒரு காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஸ்டீல் டப்பாவும் கையுமாக நின்றாள்.

"தாத்தா, டெரஸ் சாவி வேணும்."

"எதுக்கு?"

"பிசினஸுக்கு."

"குடியிருப்புல வியாபாரம் பண்ணக் கூடாது. பை-லால இருக்கு."

"பத்தாம் மாடி ஆன்ட்டி டியூஷன் எடுக்காவல்லா? அஞ்சாம் மாடில கேக் பண்ணி விக்காவல்லா? அவங்களுக்கு பை-லா இல்லையா?"

முன்னுதாரணம் காட்டி வாதாடுகிறாள். உள்ளே வரச் சொன்னேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்து விவரம் சொன்னாள். ஏழாம் மாடி ஆஜிக்கு, அதாவது அந்த மராத்தி மூதாட்டிக்கு, முட்டி வலி. புருஷனுக்கு அமாவாசைச் சோறு வைக்க மேலே ஏற முடியவில்லை என்று அழுதிருக்கிறாள். தொட்டி கழுவ வாட்ச்மேன் என்னிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்த நாளில், இவள் அவனைக் கெஞ்சி, கொண்டுபோய் வைத்திருக்கிறாள். காகம் வந்து சாப்பிட்டிருக்கிறது. ஆஜி சந்தோஷப்பட்டுக் கையில் காசு கொடுத்திருக்கிறாள்.

"அப்பந்தான் தாத்தா யோசிச்சேன். இந்த பில்டிங்ல எத்தன வீட்டுல செத்துப்போன ஆளுங்க இருக்காவ?"

"எல்லா வீட்டுலயும்தான்."

"அதான்! மார்க்கெட் ரொம்பப் பெருசு."

வேலையில் இருந்த காலத்தில் இத்தனை தெளிவான சந்தை ஆய்வோடு எந்த விண்ணப்பதாரரும் என் மேசைக்கு வந்ததில்லை. இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறது. மைனரோடு செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்றேன். தான் மைனர் இல்லை, ஆறாவது முடித்தாயிற்று என்றாள். மொட்டை மாடியில் பறவைக்குத் தீனி போடக் கூடாது என்று லிஃப்டில் அறிவிப்பு இருக்கிறதே என்றேன். எழுந்து போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

"அதுல கபூதர்னுதான் இருக்கு. காக்கா பேரு இல்ல."

அந்த அறிவிப்பை எழுதியது நான்தான். புறாக்கள் தண்ணீர்த் தொட்டியை நாசம் செய்த கோபத்தில் புறா, புறா என்றே எழுதியிருந்தேன். என் கையால் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்த முதல் ஆள். சாவியைக் கொடுப்பதைத் தவிர வேறு மரியாதையான வழி இல்லை. வாட்ச்மேன் கூட நிற்க வேண்டும், கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகக் கூடாது, மிச்சத்தைக் கூட்டி எடுக்க வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"சம்பாதிச்சு என்ன பண்ணப் போறே?"

"ஸ்கேட்டிங் ஷூ. அப்பா வாங்கித் தருவாவ. ஆனா நூறு கேள்வி கேப்பாவ. என் காசுன்னா யாரு கேப்பா?" எழுந்தவள் நின்றாள். "உங்க வீட்டுலயும் அமாவாசைக்குச் சோறு குடுங்க தாத்தா. ஃபர்ஸ்ட் டைம் ஃப்ரீ. அதுக்கு மேல காக்கா வந்தா ஃபுல் ரேட். வராட்டி ஹாஃப். என் டைம் போகுதுல்லா?"

மனைவி போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. வருஷாப்திகம் வரை, சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் சொன்னதையெல்லாம் செய்தேன். அதற்குப் பின் அமாவாசைக்கு அவளுக்குச் சாதம் வைப்பது சாஸ்திரப்படி என் கடமையா என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கடமை என்பார். இலவசம் என்பதால் சரி என்றேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதல் அமாவாசையன்று ஆறேழு வீடுகளிலிருந்து டப்பாக்களைச் சேகரித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண்ணை ஒட்டி, லிஃப்டில் ஏறினாள். ஒன்றரை மணி சுமாருக்குக் கதவு கதவாகத் தட்டித் தகவல் சொல்லிக்கொண்டு இறங்கினாள். மேலே ஏழாம் மாடியில் ஆஜி "காவ்ளா ஆலா கா?" என்று கேட்பதும், காக்கா வந்ததா என்ற அந்தக் கேள்விக்கு இவள் "ஆலா, ஆலா!" என்று கத்துவதும் ஆறாம் மாடியில் என் கதவு வரை கேட்டது. பிறகு என் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் வியாபாரத்துக்குரிய வருத்தம்.

"தாத்தா, உங்களுக்கு மட்டும் வரல. வந்துட்டு, ஆனா சாப்பிடல."

"வந்ததா, வரலையா?"

"ஒரு காக்கா வந்துச்சு. உங்க தட்டுப் பக்கத்துல நடந்துச்சு. சோத்தப் பாத்துச்சு. தலையச் சாய்ச்சு இன்னொரு கண்ணால பாத்துச்சு. அப்புறம் ஆஜி தட்டுக்குப் போயிட்டு."

"ஆஜி வீட்டுல வடை இருந்திருக்கும்."

"இருந்துச்சு. ஆனா சும்மா தயிர்ச்சோறு வெச்ச வீட்டுலயும் சாப்பிட்டுச்சே."

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். சாதமும் பருப்பும் பூசணிக்காயும் வைத்தபடியே இருந்தன. நான் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். காகம் ஒரு பறவை. அதற்குப் பசி இருந்தால் சாப்பிடும், இல்லையென்றால் போகும். இதை யாரிடம் வேண்டுமானாலும் விளக்கியிருப்பேன். வீட்டில் விளக்குவதற்கு ஆள் இல்லை.

அடுத்த மாதமும் அப்படியே.

இதற்கிடையே ஒன்பதாம் மாடி இரட்டையர்கள் போட்டிக் கடை திறந்தார்கள். பாதி ரேட். அவர்களிடம் கொடுத்தால் எல்லார் தட்டிலும் காகம் உடனே வந்தது. நாலாம் மாடி மாமியின் மாமனாருக்கு இரண்டு காகங்கள் வந்தனவாம். சனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சிறுமி என்னிடம் புகார் கொண்டுவந்தாள்.

"தாத்தா, ஜூட்டு! எல்லாம் பொய்! அவங்க மேலயே போகல. சாவி எங்கிட்டல்லா இருக்கு? பார்க்கிங் பின்னால கச்ராக் குப்பையில கொட்டிட்டு, காக்கா வந்துட்டுன்னு சொல்லுதாங்க. நீங்க ரூல் போடுங்க."

"என்னன்னு போடறது?"

"காக்கா வராம வந்துட்டுன்னு சொன்னா ஃபைன்."

சொசைட்டியின் அதிகார வரம்புக்குள் காகம் வராது என்று விளக்கினேன். ஆதாரத்தோடு சேவை செய், அம்மாவின் பழைய போனில் வீடியோ எடுத்துக் காட்டு என்றேன். அது நல்ல யோசனைதான். இரட்டையர்கள் ஒரே மாதத்தில் கடையை மூடிக்கொண்டு வளையலுக்குத் திரும்பினார்கள். இவளுக்கு வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் அந்த யோசனையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எனக்குத் தோன்றியது. ஏனென்றால் மூன்றாவது அமாவாசையன்று என் போனிலும் ஒரு வீடியோ வந்து விழுந்தது.

வெயிலில் வெளுத்த சிமெண்ட் தரை. நடுவில் என் தட்டு. வெளியே எங்கோ ரயில் போகும் சத்தம். சிறுமியின் குரல், "கா... கா... வா, வா." ஒரு காகம் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து இறங்குகிறது. இரண்டு தப்படி நடக்கிறது. தட்டின் விளிம்பில் நின்று குனிகிறது. தலையை ஒரு பக்கம் சாய்க்கிறது. பிறகு நிமிர்ந்து, கேமராவை, அதாவது என்னை, கொஞ்ச நேரம் பார்க்கிறது. போய்விடுகிறது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தத் தலைச் சாய்ப்பு எனக்குப் பழக்கமானது. நோய்க் காலத்தில், இதே மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, நான் தட்டை வைத்ததும் என் மனைவி அப்படித்தான் குனிந்து பார்ப்பாள். தலை ஒரு பக்கம் சாயும். பிறகு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு சாப்பிடுவாள்.

காகம் சாப்பிடவில்லை. அது ஒன்றுதான் வேறு.

அதற்குப் பிறகுதான் சமையலறை ஜாலியில் காகம் வரத் தொடங்கியது. பதினொரு மணி வாக்கில், நான் குக்கர் வைக்கும் நேரத்தில், வலையில் நகத்தைக் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு, நைலான் முடிச்சைக் கொத்தும். டிக், டிக் என்று ஒரு சத்தம். விரட்டினால் போகும். முதுகைத் திருப்பினால் மறுபடி டிக், டிக். வீடியோவில் வந்த காகம்தானா? எல்லாக் காகமும் ஒன்றுபோல் இருக்கும். அடையாளச் சான்று கேட்க முடியாது. சில நாட்களில் விரட்டுவதை நிறுத்திவிட்டேன். இன்னும் சில நாட்களில், கரண்டி தட்டும் சத்தத்துக்கு நடுவே அது வந்துவிட்டதா என்று காது கொடுக்க ஆரம்பித்திருந்தேன்.

லிஃப்டில் ஆஜியைச் சந்தித்தேன். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தொழிலின் ரகசியக் காப்புப் பற்றிச் சிறுமிக்கு நான் எதுவும் சொல்லித்தரவில்லை. ஆஜி தன் இந்தியில் சொன்னாள்: காகம் தொடவில்லை என்றால் போனவளுக்கு ஏதோ ஆசை மிச்சம் இருக்கிறது. அது என்னவென்று யோசித்து, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியானதைச் சொன்னால் அந்த நிமிஷமே காகம் தொடும். அவள் புருஷனுக்குச் சுடுகாட்டில் மூன்று மணி நேரம் யாரென்னவோ சொல்லிப் பார்த்தார்களாம். கடைசியில் சின்னப் பையனின் டியூஷன் ஃபீஸ் என்றதும் இறங்கி வந்ததாம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சாவைப் போல் நடைமுறை தெளிவாக வகுக்கப்பட்ட சம்பவம் வேறு எதுவும் இல்லை. பதிவு, சான்றிதழ், நகல், நகலுக்கு அத்தாட்சி. வங்கிக் கணக்கை முடித்தேன். காஸ் இணைப்பை மாற்றினேன். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயரை எடுத்தேன். அவள் போன் எண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கேயும் என் விண்ணப்பம் குறையோடு திரும்பி வந்ததில்லை. ஒரு கௌண்டரில் இருந்த பெண், இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவந்ததில்லை சார் என்று பாராட்டினாள். எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் என்று எதுவும் எந்த மேசையிலும் இல்லை.

இருந்தாலும் நாலாவது அமாவாசையில், டப்பாவைக் கொடுக்கும்போது, சிறுமியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"காக்கா வந்தா, செம்பூர்ல இருக்கிற அவ தம்பியோட சண்டைய விட்டுட்டுப் பேசிடறேன்னு சொல்லு."

"மெசேஜுக்கு எக்ஸ்ட்ரா, தாத்தா."

"சரி."

"தமிழ்ல சொல்லவா, இந்தியிலயா?"

"தமிழ்ல."

மழை தொடங்கியிருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் தட்டு. நனைந்து திரும்பி வந்தாள்.

"சொன்னேன். காக்கா கேக்கவே இல்ல. அதான் நானே யோசிச்சு வேற வேறயும் சொல்லிப் பாத்தேன். தாத்தாவ நல்லாப் பாத்துக்கிடுவோம்னேன். டவர்ல லிஃப்ட ரிப்பேர் பண்ணிருவாவன்னேன். குச் நை, ஒண்ணும் நடக்கல."

"அதுக்கும் எக்ஸ்ட்ராவா?"

"அது ஃப்ரீ." பிறகு, போகாமல், துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "தாத்தா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்லா?"

"சொல்லு."

"காக்கா வேண்டாம்னு போன பொறவு, உங்க சோத்துல ஒரு வாய் எடுத்துத் தின்னு பாத்தேன். எதுக்கு மாட்டேங்குதுன்னு பாக்கணும்லா? உப்பே இல்ல தாத்தா. ஒரு பொட்டு உப்பு இல்ல. பூசணிக்கா வெந்நில ஊறின துணி மாதிரி இருக்கு. அதான் சாப்பிடல."

"காக்காய்க்கு உப்பு தெரியாது."

"எனக்குத் தெரியுதே!"

போய்விட்டாள். நான் சமையலறையில் நின்றேன்.

விளக்குவது சுலபம். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் நான் சமையலறைக்குள் நுழைந்தேன். அதுவரை காபி போடக்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஓர் உணவு அட்டவணை கொடுத்தார்கள். அது எனக்குப் புரியும் மொழியில் இருந்தது: அனுமதிக்கப்பட்டவை, அனுமதிக்கப்படாதவை, அளவுகள். உப்பு அறவே கூடாது. காய்களை நறுக்கி, வெந்நீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும். புளி இல்லை, அப்பளம் இல்லை, ஊறுகாய் இல்லை. நான் ஒரு நாளும் ஒரு வரியும் பிசகவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து டாக்டர் மற்ற நோயாளிகளுக்கு என்னை உதாரணம் காட்டினார். அவள் மட்டும் தனியாக அதைச் சாப்பிட வேண்டாம் என்று நானும் அதையே சாப்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான். அவள் போன பிறகும் அதையே சமைத்தேன். வேறு எதைச் சமைப்பது? நாக்கு பழகிவிட்டது. காகத்துக்கும் அதையே வைத்தேன்.

உணவு அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் ஒட்டி அப்படியே இருந்தது. ஒரு பக்கம் சுருண்டிருந்தது. இறந்த பிறகு எந்தத் தேதியிலிருந்து உப்பு அனுமதிக்கப்படும் என்று அதில் எதுவும் இல்லை.

உப்பு டப்பாவைத் தேடினேன். வீட்டில் உப்பு இல்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். தென்னிந்தியச் சாமான்கள் விற்கும் கடையில் உப்பு, சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், உளுந்து அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய். கடைக்காரர், "வீட்ல விசேஷமா சார்? விருந்தாளியா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு விதத்தில் பொய்யில்லை.

வற்றல் குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரியாது. சிறுமி தன் அம்மாவைக் கேட்டு வந்து படியில் நின்று கத்தினாள். "கையால அள்ளிப் போடச் சொல்லுதாவ!" இது அளவே இல்லை. ஆனாலும் அள்ளிப் போட்டேன். படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது. அதனால் சரியா என்று தெரியாமலே இறக்கினேன். நார்த்தங்காய் பாட்டிலைத் திறந்தபோது அந்த வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. மனைவி தன் கடைசி மாதங்களில் பழைய ஊறுகாய் பாட்டிலின் மூடியை எடுத்து முகர்ந்துவிட்டு மூடிவைப்பாள். அதற்கு அட்டவணையில் தடை இருக்கவில்லை.

அன்று நானே மேலே ஏறினேன். முட்டிக்காக ஒவ்வொரு படியிலும் நின்றேன். சிறுமி மற்ற டப்பாக்களோடு முன்னால் போனாள். வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை விட்டிருந்தது. தரையில் தேங்கிய தண்ணீரில் வானம் வெள்ளையாகக் கிடந்தது.

"நீங்க கூப்பிடுங்க தாத்தா."

"எனக்கு வராது. நீயே கூப்பிடு."

"உங்க வீட்டு ஆளுதானே? நீங்கதான் கூப்பிடணும்."

கூப்பிட்டேன். தொண்டையிலிருந்து வந்த சத்தம் காகத்துடையது போல் இல்லை, என்னுடையது போலவும் இல்லை. தொட்டிக் குழாயில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. நடந்தது. தட்டின் விளிம்பில் நின்று குனிந்தது. தலை சாயவில்லை. முதலில் நார்த்தங்காய்த் துண்டை எடுத்தது. பிறகு குழம்புச் சாதம். அப்பளத்தைக் காலால் அழுத்தி உடைத்து விழுங்கியது. அவசரமாக, இடைவிடாமல், பக்கத்து வீட்டுத் தட்டில் வடை இருப்பதைக்கூடப் பார்க்காமல் தின்றது.

"வந்துட்டு! தாத்தா, வந்துட்டு! ஃபுல் பேமென்ட்!" சிறுமி குதித்தாள். வாட்ச்மேனும் கைதட்டினான்.

காகம் அலகைச் சுவரில் இரண்டு பக்கமும் தேய்த்தது. என் பக்கம் திரும்பவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கமாக, மரங்களுக்கு மேலே பறந்து போய்விட்டது.

கீழே வந்து மிச்சக் குழம்பை நானும் சாப்பிட்டேன். உப்பு அதிகம். நாக்கு எரிந்தது. தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆஜி போன் செய்து, "சுட்லி" என்றாள். விடுபட்டாள் என்று பொருள். நான் நன்றி சொன்னேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் குக்கர் வைத்தேன். ஜாலியில் சத்தம் இல்லை. மழையாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் மழை இல்லை. ஜன்னல் கண்ணாடியை நகர்த்தி வைத்தேன். ஒரு புறா வந்து குனுகிவிட்டுப் போனது. வலையில் காகம் கொத்திக் கொத்திப் பிசிறெடுத்த முடிச்சு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மனைவி உட்காரும் எதிர்ப்புற நாற்காலி மேசைக்குள் சரியாகத் தள்ளப்பட்டிருந்தது. நான்தான் தள்ளினேன். அதுவரை அந்த நாற்காலி கொஞ்சம் வெளியே இழுத்தபடியே இருந்தது என்பதைத் தள்ளிய பிறகுதான் கவனித்தேன். ஆறாம் மாடி இவ்வளவு சத்தமில்லாத இடம் என்று எனக்குத் தெரியாது. கீழே பார்க்கிங்கில் சிறுமி தன் புது ஸ்கேட்டிங் ஷூவில் வட்டமடிக்கும் கரகர ஓசை மட்டும் மேலே வந்தது. அவள் தொழில் முதல் போடாமல் லாபம் கண்டுவிட்டது. என் கணக்கும் முடிந்துவிட்டது. அதுதான் எல்லாரும் வேண்டிக்கொண்ட முடிவு. நானும்தான்.

அடுத்த அமாவாசை காலையில் உப்பு டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தேன். அட்டவணையின் சுருண்ட பக்கத்தை நிமிர்த்தி இன்னொரு காந்தம் வைத்தேன். பூசணிக்காயை நறுக்கி, கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்தேன்.

சிறுமி வந்து டப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இன்னைக்கு வாசனையே இல்லையே. உப்பு போட்டீங்களா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

என்னைப் பார்த்தாள். உள்ளே மேசையைப் பார்த்தாள். நாற்காலி மறுபடி வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

"இத வெச்சா காக்கா சாப்பிடாதுல்லா, தாத்தா. என் பேரு கெட்டுரும்."

"ஃபுல் பேமென்ட் குடுத்துடறேன்."

"சாப்பிடாட்டி ஹாஃப்தான். ரூல்னா ரூல்." சொல்லிவிட்டு டப்பாவை மூடி, மற்றவற்றின் மேல் அடுக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

ஒன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. டப்பாவை நீட்டினாள். கனமாக இருந்தது.

"வந்துச்சு. பாத்துச்சு. தலையச் சாய்ச்சுச்சு. போயிட்டு." கையை விரித்தாள். "ஹாஃப்."

கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தேன். புகை இழுக்கும் விசிறியை நிறுத்தினேன். குழாயில் சொட்டிய தண்ணீருக்கு அடியில் ஒரு துணியைப் போட்டேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டேன். சற்று நேரத்தில் வலை ஒரு முறை அதிர்ந்தது. பிறகு, டிக், டிக்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.